கொழும்பில் கையைக் கடிக்காத வீட்டு இணையம் எது?

கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, தெமட்டகொட பக்கம் நாட்சம்பளத்தில் ஓடும் வீடுகளில் இணையம் என்றால் பெரும்பாலும் கைபேசிக்குப் போடும் டேட்டாதான். வேலை முடிந்து வரும் வழியில் கடையில் நூறோ இருநூறோ ரிலோட் பண்ணுவார்கள். அன்றிரவு பிள்ளையின் வகுப்புக்கு அது போதும். நாளைய பாட்டை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கால் கிலோவாக அரிசி வாங்குகிறவருக்கு மூட்டை விலை கிடைக்காத மாதிரி, இப்படித் துண்டு துண்டாக வாங்கும் டேட்டாவுக்குத்தான் பெரும்பாலும் ஜிபி ஒன்றுக்குக் கூடுதல் விலை விழுகிறது. காசுள்ள வீடு மாதம் ஒருமுறை கட்டி மலிவாக வாங்குகிறது, காசில்லாத வீடு தினமும் கட்டிக் கூடக் கொடுக்கிறது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. அதனால் மாதக் கட்டணத்தை மட்டும் வைத்து ஒப்பிடப் போவதில்லை. முதல் நாளில் கையிலிருந்து எவ்வளவு போகும், என்னென்ன பத்திரம் கேட்பார்கள், ஒரு மாதம் கட்ட முடியாமல் போனால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

கைபேசி டேட்டா

முற்பணம் இல்லை, விலாசம் நிரூபிக்கத் தேவையில்லை, காசு இல்லாத நாளில் போடாமல் விட்டுவிடலாம். இதன் பலம் இவ்வளவுதான், ஆனால் கூலிக்குப் போகிறவருக்கு இது சின்னப் பலமில்லை. தெரிவு செய்ய டயலொக், மொபிடெல், ஹட்ச் என்று மூன்று நிறுவனங்கள். எடிசலாட் 2018இல் ஹட்சோடு சேர்ந்தது, எயார்டெல் 2024இல் டயலொக்கோடு சேர்ந்தது. ஐந்து பேர் போட்டி போட்ட சந்தையில் இப்போது மூன்று பேர். விலையோ எதிர்ப்பக்கம் போயிருக்கிறது: 2022 செப்டெம்பரில் தொலைத்தொடர்புக் கட்டணங்கள் 20 வீதத்தால் கூடின, 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாகியது.

கைபேசி டேட்டாவை வீட்டு இணையமாகப் பாவிப்பதில் இரண்டு சிக்கல். முதலாவது, கைபேசி வீட்டில் இருப்பதில்லை. அப்பாவின் போனில்தான் டேட்டா என்றால், பின்னேரம் மூன்று மணி வகுப்பு நேரத்தில் அந்தப் போன் புறக்கோட்டையில் ஒரு மூட்டைக் கடையில் நிற்கும். இரண்டாவது, மலிவாகக் கிடைக்கும் பக்கேஜ்களில் பல ஒரு செயலிக்கு மட்டுமே உரியவை. வட்ஸ்அப், பேஸ்புக் ஓடும் பக்கேஜைப் போட்டிருப்பார்கள். ஆசிரியர் வட்ஸ்அப் குழுவில் சூம் இணைப்பை அனுப்புவார், செய்தி வந்து சேரும், இணைப்பை அழுத்தினால் வகுப்பு திறக்காது. மலிவு என்று வாங்கியது பிள்ளையின் படிப்புக்கு ஒரு சதத்துக்கும் உதவாமல் போகும். படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் செயலிப் பக்கேஜை வாங்காமல், எல்லாத் தளத்துக்கும் பாவிக்கக்கூடிய பக்கேஜை, ஜிபி குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்று வாங்குங்கள்.

ரிலோட் போடும் 4ஜி ரவுட்டர்

என் பார்வையில் பெரும்பாலான வாடகை வீடுகளுக்குப் பொருந்துவது இதுதான். டயலொக்கிலும் எஸ்எல்டி-மொபிடெலிலும் வீட்டுக்கென்றே ரவுட்டர் இருக்கிறது. கம்பி இழுக்கும் வேலை இல்லை. வீடு மாறினால், புது இடத்திலும் அதைப் பாவிக்க நிறுவனம் விட்டால், கையோடு கொண்டுபோகலாம். ரவுட்டர் வீட்டிலேயே இருப்பதால் அப்பா வேலைக்குப் போனாலும் பிள்ளைக்கு இணையம் உண்டு. முற்கொடுப்பனவு முறையில் எடுத்தால் காசில்லாத மாதத்தில் பில் ஏறிக்கொண்டே போகாது. தடை முதல் நாள் செலவுதான். ரவுட்டருக்கு ஒரே தடவையில் சில ஆயிரம் ரூபாய் வைக்க வேண்டும். இதற்குச் சீட்டு நல்ல வழி. பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து சின்னச் சீட்டு ஒன்று போட்டால், எடுக்கிறவர் அந்த மாதமே ரவுட்டரை வாங்கிவிடலாம், கடைக்காரரின் தவணை வட்டி இல்லாமல்.

பக்கேஜின் பெயரில் எழுதியிருக்கும் ஜிபியை நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது பகல், இரவு என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். இரவுப் பங்கு என்பது நள்ளிரவுக்குப் பிறகு விடியும்வரை மட்டும் ஓடுவது. ஒரு கணக்குக்காக 100 ஜிபி பக்கேஜ் என்று வைத்துக்கொள்வோம், அதில் பகலுக்கு 40, இரவுக்கு 60. பள்ளிப் பிள்ளை இரவு ஒரு மணிக்கு வகுப்பில் இருக்கப் போவதில்லை. ஆகவே வரியோடு சேர்த்த முழுக் கட்டணத்தை 40ஆல் வகுங்கள். வருவதுதான் உங்கள் வீட்டுக்கு ஒரு ஜிபியின் விலை. விளம்பரத் தாளில் வரிக்கு முந்திய தொகை இருக்கலாம், அதையும் கேட்டு வையுங்கள். இப்படி வகுத்துப் பார்க்கும்போது பெரிய பக்கேஜ் சின்னதைவிட விலை கூடியதாகவும் வரக்கூடும்.

அப்புறம் சிக்னல். வீடுகள் நெருங்கிக் கிடக்கும் தோட்டக் குடியிருப்புகளிலும் பெரிய தொடர்மாடிகளின் உள்பக்க வீடுகளிலும் கொங்கிரீட் சுவர்கள் சிக்னலை விழுங்கிவிடும். வாங்குவதற்கு முன் அந்த நிறுவனத்தின் சிம் உள்ள போன் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். ஊரே யூடியூப் பார்க்கும் இரவு எட்டு மணிக்கு, பிள்ளை உட்கார்ந்து படிக்கும் அதே இடத்தில் வேகத்தைப் பாருங்கள். காலை பத்து மணிக்குப் பால்கனியில் கிடைக்கும் வேகம் ஒன்றையும் சொல்லாது. ரவுட்டர்கள் அநேகமாக அந்தந்த நிறுவனத்தின் சிம்முக்கே பூட்டப்பட்டவை, பிடிக்காவிட்டால் வேறு சிம் போட்டு ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம்.

பைபர்

கண்ணாடி நார்க் கம்பி வழியாக வீட்டுக்கு வரும் இணையம் இது. தரத்தில் இதற்கு ஈடில்லை. மழைக்கும் கூட்டத்துக்கும் 4ஜி தடுமாறுகிற அளவுக்குத் தடுமாறாது, மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் மூன்று வகுப்பில் இருக்கலாம். ஆனால் மாத பில் வந்தே தீரும், பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும். கட்டத் தவறினால் துண்டிப்பார்கள், நிலுவை உங்கள் பெயரில் நிற்கும். அடையாள அட்டையோடு விலாசத்துக்கு அத்தாட்சியும் வேண்டும். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிற வாடகைக் குடும்பங்களும், காணி உறுதி இல்லாத தோட்டத்து வீடுகளும் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. விண்ணப்பிக்குமுன் கிராம சேவகர் சான்றிதழை ஏற்பார்களா, வீட்டுக்காரரின் கடிதம் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அலைச்சல் மிச்சம். கரண்ட் போனால் பைபர் ரவுட்டரும் அணைந்துவிடும். 2022இல் நாளுக்கு மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலத்தில், சார்ஜ் உள்ள போன்தான் பல வீடுகளில் கைகொடுத்தது.

பைபர் பக்கேஜ்கள் பலவற்றுக்கும் மாத டேட்டா அளவு உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 480 தரத்தில் காணொளி பார்த்தால் மணித்தியாலத்துக்குச் சுமார் அரை ஜிபி, 1080இல் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேலேயே போகலாம். எந்த இணைப்பானாலும் போனில் காணொளித் தரத்தைக் குறைத்து வைத்தாலே மாதம் நீளும்.

பக்கத்து வீட்டோடு பங்கு

தொடர்மாடிகளில் இது சர்வசாதாரணம். ஒரு வீட்டில் பைபர், இரண்டு மூன்று வீடு காசு போட்டுப் பாவிக்கும். ஆளுக்கு விழும் தொகையை வைத்துப் பார்த்தால் மேலே சொன்ன எதையும்விட மலிவாக முடியும். ஆனால் இணைப்பை வேறு வீட்டுக்குக் கொடுப்பதை நிறுவன நிபந்தனைகள் அனுமதிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பில் யார் பெயரிலோ, பொறுப்பும் அவருக்குத்தான். மற்ற வீட்டார் செய்யும் வேலைக்கும் சேர்த்து. நடைமுறையில் சண்டை வருவது காசில் இல்லை, அளவில். ஒரு வீட்டுப் பையன் இரவெல்லாம் கேம் இறக்கினால் பதினைந்தாம் தேதியே எல்லாருக்கும் வேகம் படுத்துவிடும். முழு நம்பிக்கை உள்ள ஒரு வீட்டோடு மட்டும் செய்யலாம், மூன்றாவது வீட்டைச் சேர்க்க வேண்டாம் என்பேன்.

2025 ஜூலையில் வந்த ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் பற்றியும் கேட்கிறார்கள். வந்தபோது கருவிக்கே ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்டார்கள், மாதக் கட்டணமும் பன்னிரண்டாயிரம் அளவில் தொடங்கியது. இந்த வீடுகளுக்கு அது சரிவராது.

எதை எடுப்பது? பள்ளிப் பிள்ளை இல்லாத இரண்டு பேர் வீட்டுக்குக் கைபேசி டேட்டாவே போதும், தினப் பக்கேஜை விட்டு மாதப் பக்கேஜுக்கு மாறினால் சரி. ஒன்றிரண்டு பிள்ளைகள், வாடகை வீடு, நிச்சயமில்லாத வருமானம் என்றால் ரிலோட் ரவுட்டர். சொந்தப் பெயரில் தொடர்மாடி வீடும், வீட்டில் ஒருவருக்காவது மாதச் சம்பளமும் இருந்தால் தயங்காமல் பைபர். ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போது பழைய பைபர் இணைப்பை எழுத்து மூலம் நிறுத்துங்கள். கருவியைத் திருப்பிக் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வயரைக் கழற்றி வைத்தால் மட்டும் பில் நிற்காது.