மாநகராட்சி இணையதளம்: ஹேக்கத்தான் வைப்பதா, கூடி எழுதுவதா?

எங்கள் மாநகராட்சியின் இணையதளத்தை மாற்றப் போகிறோம், குடியிருப்போர் நலச் சங்கங்களும் வாருங்கள் என்று 2022ல் கூப்பிட்டார்கள். முதல் கூட்டத்திலேயே இரண்டு கட்சி. கல்லூரிப் பிள்ளைகள் ஹேக்கத்தான், அதாவது ஓரிரு நாள் கூடி நிரல் எழுதும் போட்டி, வைக்கலாம் என்றார்கள். எனக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கும், உட்கார்ந்து பக்கங்களைத் திருத்தி எழுதினாலே போதும் என்று பட்டது. கடைசியில் நாங்கள் சொன்னதுதான் நடந்தது. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டியதில்லை.

மக்களிடம் கருத்துக் கேட்க ஒரு படிவம் வைப்பது என்ற மூன்றாவது வழியைப் பற்றி நீட்டவும் வேண்டாம். 'நன்று', 'குப்பை அள்ள வரவில்லை', இரண்டும்தான் வரும்.

ஹேக்கத்தானுக்கு நியூயார்க் ஓர் உதாரணம். 2011 ஜூலை கடைசியில், ஒரு சனி ஞாயிறு நிரலாளர்களையும் வடிவமைப்பாளர்களையும் கூட்டி நகரத்தின் தளத்தைப் புதிதாக வரைந்து காட்டச் சொன்னார்கள். உற்சாகத்துக்குக் குறைவில்லை. புதுப்பித்த தளம் வந்தது 2013ல்.

ஹவாயின் ஹொனலுலு நகரம் வேறு வழியில் போனது. அரசுத் தளங்களைச் சீராக்க உதவும் தன்னார்வ அமைப்பான கோட் ஃபார் அமெரிக்காவின் குழு 2012ல் அங்கே மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்து, அந்தக் கேள்விகளை ஒரு சனிக்கிழமை பொதுமக்களிடமும் நகர ஊழியர்களிடமும் கொடுத்துப் பதில் எழுத வைத்தது. 'ஹொனலுலு ஆன்சர்ஸ்' என்ற கேள்வி-பதில் தளம் அப்படி வந்ததுதான். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தும் அடுத்த ஆண்டே அதைப் பின்பற்றியது.

நாங்கள் அதையே சிக்கனமாகச் செய்தோம்: ஒரு சனிக்கிழமை, ஒரு வகுப்பறை, நான்கு லேப்டாப், சுண்டல். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்கும் பக்கம் '1969ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவு 14ன்படி' என்று ஆரம்பித்தது. ஆசிரியை அதை அடித்துவிட்டு, 'ஓராண்டுக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை' என்று எழுதி வாசித்தார். பூ விற்கும் அக்கா குறுக்கிட்டார்: "ஸ்கூல்ல சேர்க்கும்போதுதானே பேரு கேக்குறாங்க, அதுக்குள்ள வருஷம் ஓடிடுமே டீச்சர்?" தாமதக் கட்டணம் கட்டினால் 15 ஆண்டு வரை சேர்க்கலாம் என்ற வரி அன்றுதான் மேலே ஏறியது.

ஆனால் என் முடிவுக்குக் காரணம் எழுத்தழகு இல்லை, பராமரிப்பு. சொத்து வரியில் 5 சதவீத ஊக்கத்தொகை பெற எத்தனை நாளுக்குள் கட்ட வேண்டும் என்ற விதி 2023ல் மாறியது. இப்போது அரையாண்டின் முதல் 30 நாள். எங்கள் பக்கத்தில் பழைய கணக்கே கிடந்தது. கட்ட வந்த ஒருவர் கவுண்டரில் போனை நீட்டிச் சண்டை போட, உள்ளே இருந்த வருவாய்ப் பிரிவு அம்மா எட்டிப் பார்த்திருக்கிறார். அது அவரே அந்தச் சனிக்கிழமை எங்களோடு உட்கார்ந்து எழுதிய பக்கம். பக்கத்தின் அடியில் 'பொறுப்பு: வருவாய்ப் பிரிவு' என்றும் இருந்தது. அன்று மாலையே திருத்திவிட்டார். ஹேக்கத்தானில் ஜெயித்த மாணவருக்கு இந்தச் சண்டை எப்படிக் கேட்கும்? அவர் சான்றிதழோடு பெங்களூரு போயிருப்பார்.

பாஸ்டன் 2016ல் செய்ததுபோல, பழைய தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதனைத் தளம் ஒன்றைத் திறந்துவிட்டு மக்கள் கருத்தைக் கேட்டுத் திருத்துவதும் ஒரு வழி. பணமும் ஆளும் இருந்தால் அதுதான் மேலாக இருக்கலாம். நாங்கள் செய்து பார்த்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

எங்கள் வழியிலும் ஓட்டை உண்டு. வருவாய்ப் பிரிவு அம்மாவுக்குப் போன வருடம் இடமாற்றம் வந்துவிட்டது. புதிதாக வந்தவரை இன்னும் ஒரு சனிக்கிழமைகூட உட்கார வைக்க முடியவில்லை.