பாட்ஸ்குவாரோவில் அறை எடுக்கப் போகிறவர்கள் முன்பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

ஜனவரியில் எங்கள் திருமண நாள் வந்தது. வெள்ளிக்கிழமை கிளம்பி இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று நானும் கணவரும் பாட்ஸ்குவாரோவுக்குப் போனோம். மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்தில், ஏரியை ஒட்டி இருக்கிற பழைய ஊர். நாங்கள் கெரேத்தாரோவில் இருக்கிறோம், மொரேலியா வழியாகக் காரில் மூன்றரை மணி நேரம். அறைக்கென்று முன்கூட்டியே அனுப்பிய 3,060 பேசோ போனது, அங்கே போன பிறகு இன்னொரு 500 பேசோவும் போனது. திருமண நாள் ராத்திரியை ஸ்வெட்டரோடும் ஷூவோடும் உட்கார்ந்து கழித்தோம். இன்னொரு ஜோடி இதே ஆளிடம் மாட்டக் கூடாது, அதனால்தான் எழுதுகிறேன்.

அறையைப் பார்த்தது ஒரு சமூக வலைத்தளப் பக்கத்தில். படத்தில் ஊரின் பெரிய சதுக்கமான பிளாசா கிராண்டேயைப் பார்த்த மர பால்கனி, கூரையில் கனமான உத்தரங்கள், மூலையில் விறகு எரிகிற கணப்பு. என்னை இழுத்தது அந்தக் கணப்புதான். பாட்ஸ்குவாரோ கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், ஆனால் ஜனவரியில் பொழுது சாய்ந்ததும் குளிர் எலும்புக்குள் இறங்கிவிடும்.

வாட்ஸ்அப்பில் கேட்டேன். ஒரு ஆண் பேசினார், நல்ல மரியாதையான பேச்சு, எந்தக் கேள்விக்கும் ஐந்து நிமிடத்தில் பதில். ஒரு இரவுக்கு 1,800 பேசோ, ஆனால் இரண்டு இரவுக்கும் சேர்த்து இப்போதே ஸ்பெய் போட்டுவிட்டால் 15 சதவீதம் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். மெக்சிகோவில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஸ்பெய் என்பது வங்கிக்கு வங்கி அந்த நொடியே பணம் போய்ச் சேருகிற முறை. பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கின் 18 இலக்க க்ளாபே எண்ணை அனுப்பினார். கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அது என் அக்கா கணக்கு, வீடு அவங்க பேர்ல இருக்கு" என்றார். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை, பணத்தைப் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஊருக்குள் நுழைந்தோம். இந்த ஊரின் மையத்தைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏமாற்றுக்கு அதுவும் வசதியாக இருக்கிறது. அங்கே கட்டடங்கள் எல்லாமே மேலே வெள்ளை, கீழே செம்மண் நிறத்தில் ஒரு பட்டை, தலையில் ஓடு. கடைப் பெயர்ப் பலகைகளும் ஒரே மாதிரி, முதல் எழுத்து சிவப்பு, மற்ற எழுத்துகள் கறுப்பு. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஒரு பால்கனியின் படத்தை மட்டும் காட்டினால் அது எந்தத் தெரு, எந்த வீடு என்று வெளியூர்க்காரரால் கண்டுபிடிக்கவே முடியாது.

கொடுத்த முகவரியில் அந்த எண்ணுள்ள கதவே இல்லை. போன் போட்டோம். பத்து நிமிடத்தில் மோட்டார் பைக்கில் ஒரு பையன் வந்தான். வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, அதனால் அதைவிட நல்ல அறை போட்டிருக்கிறார்கள், பின்னாலேயே வாங்க என்றான். அவன் பைக்கைத் தொடர்ந்து போனால் பிளாசா, கல் பாவிய தெருக்கள் எல்லாம் பின்னால் போய்விட்டன, ஏரிக்குள் இருக்கிற ஹானிட்சியோ தீவுக்குப் படகு கிளம்புகிற துறை இருக்கிற பக்கம் வந்துவிட்டோம். மையத்திலிருந்து நடந்து போகிற தூரமே இல்லை.

அந்த அறையைச் சொல்கிறேன். ஒரே ஒரு ஜன்னல், திறந்தால் ஒரு முழம் தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர், பூச்சு இல்லாத சிமென்ட் கல். சுவரின் கீழ்ப்பாதி ஈரத்தில் உப்பு பூத்திருந்தது, கை வைத்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. கட்டிலில் சிறுத்தை படம் போட்ட போர்வை ஒன்று, அதற்குக் கீழே ஒரு விரிப்பு, அவ்வளவுதான். கணப்பு கிடையாது, ஹீட்டர் கிடையாது. சுடுதண்ணீர் வரவில்லை, மொட்டை மாடியில் போய்ப் பார்த்தால் காஸ் சிலிண்டர் காலி. அந்தப் பையனிடம் கேட்டால், நாளைக்குக் காலையில் காஸ் வண்டி வரும் என்கிறான். அதோடு சாவிக்கு 500 பேசோ முன்பணம் ரொக்கமாக வேண்டுமாம், கிளம்பும்போது திருப்பித் தருவார்களாம். கணவர் கொடுக்க மாட்டேன் என்றுதான் நின்றார். எனக்குத்தான் இருட்டிவிட்டதே, இனி எங்கே போய் அலைவது என்று பயம், "பரவாயில்லைங்க, கொடுத்துடுங்க, காலையில பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் பேசிய அந்த ஆள் போனை எடுக்கவே இல்லை. விடிய நாலு மணி வரை அழைத்தேன்.

காலையில் முதல் வேலையாக, கையில் அந்தப் படத்தோடு பிளாசா கிராண்டேயைச் சுற்றினோம். நடுவில் மிச்சோவாகானின் முதல் பிஷப் வாஸ்கோ தே கிரோகாவின் சிலை, சுற்றிப் பெரிய மரங்கள், நான்கு பக்கமும் வளைவுத் தாழ்வாரங்கள். மூன்றாவது பக்கத்தில் அந்த பால்கனி கிடைத்துவிட்டது. கைப்பிடியில் அதே செதுக்கல், அதே மண்தொட்டி. அது உண்மையிலேயே ஒரு ஹோட்டல். வரவேற்பில் இருந்த அம்மா என் போனை வாங்கிப் பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த மாதத்தில் இதே படத்தோடு வந்த மூன்றாவது ஆட்கள் நாங்கள். அவர்களுடைய பக்கத்திலிருந்து படத்தை எடுத்து எவனோ போட்டிருக்கிறான், எத்தனையோ முறை புகார் செய்தும் வேறு பெயரில் திரும்பத் திரும்ப வருகிறானாம். எங்களை உட்கார வைத்து காபி கொடுத்தார். அன்றைக்கு அவரிடம் அறை காலி இல்லை, ஆனால் இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன விடுதிக்கு அவரே போன் செய்து இடம் பிடித்துக் கொடுத்தார். படத்தில் பார்த்ததைவிடச் சின்ன அறைதான். ஆனால் சுடுதண்ணீர் வந்தது, மூன்று கம்பளி இருந்தது. பெட்டியை எடுக்க முதல் ராத்திரி தங்கிய அறைக்குத் திரும்பிப் போனபோது அங்கே யாருமே இல்லை. 500 பேசோவும் அங்கேயே முடிந்தது.

பணத்தை மீட்கச் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். வங்கியில், நீங்களே ஒப்புக்கொண்டு அனுப்பிய ஸ்பெய் பணத்தை எங்களால் திருப்பி இழுக்க முடியாது என்றார்கள். மெக்சிகோ மத்திய வங்கியின் தளத்தில் செப் என்கிற பணப் பரிமாற்றச் சான்று கிடைக்கும், அதை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டேன். நுகர்வோர் அலுவலகமான ப்ரோஃபெகோவில் புகார் கொடுக்க எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். எங்களிடம் இருந்தது இல்லாத ஒரு கதவு எண்.

அதனால் இந்தப் பக்கம் போகிறவர்களுக்குக் கேட்டுக்கொள்வது இதுதான். தங்கும் இடத்தின் பெயரையும் தெருவையும் வாங்கி, வரைபடத்தில் தெருப் படத்தைத் திறந்து, கதவு எண் வரை பாருங்கள். மெக்சிகோவில் தங்கும் விடுதிகள் தேசியச் சுற்றுலாப் பதிவேட்டில் பதிய வேண்டும், அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், ஒழுங்காக நடத்துகிறவர் உடனே அனுப்பிவிடுவார். வீடியோ அழைப்பில் பால்கனியில் நின்று பிளாசாவைக் காட்டச் சொல்லுங்கள். பேசுகிறவர் ஒருவர், கணக்கு இன்னொருவர் பெயரில் என்றால் பணம் போடவே போடாதீர்கள், என்ன காரணம் சொன்னாலும் சரி. "குழாய் உடைந்துவிட்டது, வேறு அறை" என்று சொன்னால் யார் பைக் பின்னாலும் போகாமல், பிளாசாவிலேயே நின்று அங்கேயே வேறு இடம் கேளுங்கள்.

ஊரை நான் குறை சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பழைய சான் அகுஸ்தின் கோவிலுக்குள் இருக்கிற நூலகத்துக்குப் போனோம். ஹுவான் ஓ'கோர்மான் 1942-இல் மிச்சோவாகானின் வரலாறு முழுவதையும் ஒரே சுவரில் வரைந்திருக்கிறார், இந்த மண்ணின் பூர்வகுடிகளான புரேபெச்சா மக்கள், ஸ்பானியர்கள் வந்தது, எரிப்பு, தூக்கு எல்லாமே. தூக்கமில்லாத கண்ணோடு ஒரு மணி நேரம் அதற்கு முன்னால் நின்றோம். ஹானிட்சியோவுக்குப் போகிற படகில், வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி வலை விரித்துக் காட்டுகிற மீனவர்கள் கிட்டே வந்து காசு கேட்பார்கள். அது ஏமாற்று இல்லை, காட்சிக்குக் கொடுக்கிற காசு, மனசாரக் கொடுங்கள்.

நவம்பர் 1, 2 தேதிகளில், இறந்தவர்களை நினைத்துக் கொண்டாடுகிற இறந்தோர் இரவுக்கு இந்த ஊருக்கு அவ்வளவு கூட்டம் வரும், மாதக் கணக்கில் முன்னாலேயே அறைகள் தீர்ந்துவிடும். எல்லா இடமும் நிறைந்துவிட்ட நேரத்தில் பிளாசாவைப் பார்த்த பால்கனி அறை, அதுவும் தள்ளுபடியில், உங்களுக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். நேற்று தேடினேன், அந்தப் படம் இப்போது வேறு பெயரில் இருக்கிறது. கணப்பில் நெருப்பு அப்படியே எரிகிறது, விலை மட்டும் 1,600 ஆகியிருக்கிறது.