நெடுவில்லும் குறுக்குவில்லும்: கிரெசிக் களத்துத் தீர்ப்பு சரிதானா?

1346 ஆகஸ்ட் 26 மாலை, வட பிரான்சில் கிரெசி என்னும் ஊருக்கு அருகே, பிரெஞ்சு மன்னர் ஆறாம் பிலிப்பின் கூலிப்படையாக வந்திருந்த ஜெனோவா நகரத்துக் குறுக்குவில் வீரர்கள், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் நெடுவில் வீரர்களை எதிர்கொண்டு சிறிது நேரத்திலேயே சிதறினர். ஓடியவர்களைப் பிரெஞ்சுக் குதிரை வீரர்களே மிதித்துத் தள்ளிக்கொண்டு முன்னேறினர். இந்த ஒரு மாலைப்பொழுதை வைத்தே நெடுவில் உயர்ந்தது, குறுக்குவில் தாழ்ந்தது என்று தீர்ப்பெழுதுவது வழக்கமாகிவிட்டது. அன்று ஜெனோவா வீரர்களின் பெருங்கேடயங்கள் பின்னால் வந்துகொண்டிருந்த மூட்டைவண்டிகளில் கிடந்தன என்பதும், நெடுநடையில் களைத்திருந்த அவர்கள் மழையில் நனைந்த நிலத்தில் மேடு நோக்கி ஏற வேண்டியிருந்தது என்பதும் அத்தீர்ப்பில் இடம்பெறுவதில்லை. கேடயத்தின் மறைவில் நின்று நாணை இழுத்து மாட்ட வேண்டிய ஆயுதத்தைக் கேடயமின்றி வெட்டவெளியில் நிறுத்தியது கட்டளையிட்டவர்களின் பிழையே தவிர, வில்லின் பிழை அன்று.

இரண்டு வில்களையும் அவற்றின் அமைப்பிலிருந்து பார்ப்பதே முறை. நெடுவில் என்பது ஏறத்தாழ ஓர் ஆள் உயரமோ அதற்குச் சற்று மேலோ உள்ள ஒரே மரத்துண்டு. அதற்கு உகந்தது யூ என்னும் ஐரோப்பிய ஊசியிலை மரம். யூ மரத்தின் வைரப்பகுதி அமுக்கத்தைத் தாங்கும். அதன் வெளிப்புற வெண்மரம் இழுவிசையைத் தாங்கும். ஆகவே வில் வளையும்போது உட்பக்கம் வைரமும் வெளிப்பக்கம் வெண்மரமும் அமையுமாறு செதுக்கினால், ஒட்டுவேலை எதுவுமின்றி இயற்கையே இரு பொருள்களை ஒட்டித் தந்ததுபோல் ஆகிவிடுகிறது. குறுக்குவில்லின் வில்பகுதியோ கொம்பு, நரம்பு, மரம் ஆகியவற்றைப் பசையிட்டு அடுக்கியதாகவும், 15-ஆம் நூற்றாண்டில் எஃகாகவும் இருந்தது. அதை ஒரு மரக்கட்டையின் முனையில் குறுக்காகப் பொருத்தி, இழுத்த நாணைக் கொம்பில் கடைந்த ஓர் உருளையில் மாட்டி, கீழே உள்ள நெம்புகோல் போன்ற விசையை அழுத்தி விடுவிப்பார்கள்.

எஃகுக் குறுக்குவில்லின் இழுவிசை, அதாவது நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசை, 500 கிலோவையும் தாண்டக்கூடும் என்று கேட்டவுடன், 70 கிலோ இழுவிசையுள்ள நெடுவில் அதன் முன் விளையாட்டுப் பொருளாகத் தோன்றும். இந்த ஒப்பீடு ஏமாற்றக்கூடியது. வில்லில் சேரும் ஆற்றல் விசையை மட்டும் பொறுத்ததன்று. அந்த விசை எவ்வளவு தூரம் அம்பைத் தள்ளுகிறது என்பதையும் பொறுத்தது. நெடுவில்லின் நாண் அறுபது சென்டிமீட்டர் அளவுக்கு அம்பைத் தள்ளிச் செல்கிறது. குறுக்குவில்லின் நாணுக்குக் கிடைப்பதோ பதினைந்து சென்டிமீட்டர் அளவே. போதாக்குறைக்குக் கனத்த எஃகு வில் தன் சொந்த எடையை நகர்த்துவதிலேயே ஆற்றலின் பெரும்பங்கைச் செலவிட்டுவிடுகிறது. ஏழெட்டு மடங்கு இழுவிசை ஏழெட்டு மடங்கு அடியாக மாறாததன் காரணம் இதுதான். மிகக் கனமான குறுக்குவில்கள் நெடுவில்லைவிட வலுவாகத் தாக்கின என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கூடுதல் வலுவுக்குக் கொடுத்த விலை அதிகம்.

விலை என்றது முதலில் நேரத்தை. தேர்ந்த நெடுவில் வீரர் நிமிடத்துக்குப் பத்து அம்புகள் வரை எய்ய முடியும். இடுப்புக் கொக்கியால் நாணை இழுக்கும் எளிய குறுக்குவில்லில் நிமிடத்துக்கு இரண்டு மூன்று குறுங்கணைகளே சாத்தியம்; கப்பியும் கயிறும் கொண்டு சுற்றி இழுக்க வேண்டிய பெரிய வில்லில் ஒன்று எய்தாலே வேகம்தான். எனினும் இந்த வேகக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. ஆங்கிலப் படையில் ஒரு கட்டு அம்பு என்பது 24. நிமிடத்துக்குப் பத்து வீதம் எய்தால் அந்தக் கட்டு இரண்டரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். 5,000 வீரர்கள் எய்தால் ஒரு நிமிடத்தில் 50,000 அம்புகள் கரைந்துவிடும். பின்னாலிருந்து வண்டி வண்டியாக அம்பு வந்துகொண்டிருந்தால் ஒழிய, நெடுவில்லின் வேகம் தொடக்கத்து ஓரிரு பாய்ச்சல்களுக்கு மட்டுமே உரியது.

அம்பு கவசத்தைத் துளைத்ததா என்ற கேள்வியில் இரு தரப்பு ஆர்வலர்களுமே மிகைப்படுத்துகிறார்கள் என்பது என் எண்ணம். 15-ஆம் நூற்றாண்டின் நல்ல மார்புத்தகட்டை நெடுவில் அம்பு பொதுவாகத் துளைக்கவில்லை. 1415 அக்டோபர் 25 அன்று வட பிரான்சின் அஜின்கூர் களத்தில் ஆங்கிலேயரின் அம்புமழையின் பயன் வேறு வகையில் அமைந்தது: கவசமற்ற இடங்களில் அடிபட்ட பிரெஞ்சுக் குதிரைகள் மிரண்டு தம் படைக்குள்ளேயே திரும்பின, நடந்து வந்த வீரர்கள் முகமூடியின் துளைக்குள் அம்பு நுழையுமோ என்று தலையைக் குனிந்தபடி உழுத நிலத்துச் சேற்றில் தள்ளாடி வந்தனர், அவர்கள் நெருங்கியதும் வில்லாளர்கள் வில்லைப் போட்டுவிட்டுக் கொட்டாப்புளியும் குத்துவாளுமாகப் பாய்ந்தனர். முகம் எவ்வளவு எளிதான இலக்கு என்பதை அந்தப் போரில் வென்ற இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றி அறிந்திருந்தார். 1403-இல் ஷ்ரூஸ்பரிப் போரில், பதினாறு வயது இளவரசராக இருந்தபோது, ஓர் அம்பு அவர் முகத்தில் ஆழமாகப் பாய்ந்து, அதன் முனையை ஜான் பிராட்மோர் என்னும் அறுவை மருத்துவர் தனியே ஒரு கருவி செய்து எடுக்க நேர்ந்தது.

நெடுவில்லின் உண்மையான பலவீனம் அதை ஏந்தும் மனிதரிடம் இருக்கிறது. 1545-இல் மூழ்கி 1982-இல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் போர்க்கப்பலில் 137 முழு வில்கள் கிடைத்தன. அவற்றின் இழுவிசை 45 கிலோவிலிருந்து 80 கிலோவுக்கு மேல் வரை இருக்கும் என்று மதிப்பிட்டுள்ளனர். அத்தகைய வில்லைச் சிறுவயதிலிருந்தே பழகாத ஒருவர் காதுவரை இழுக்கவே முடியாது. அக்கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றின் தோள் எலும்பில் காணப்படும் மாற்றத்தை இந்தப் பழக்கத்தின் தடயமாகக் கருதுகின்றனர். மூன்றாம் எட்வர்டு 1363-இல் விடுமுறை நாள்களில் மற்ற விளையாட்டுகளை விட்டு வில் பழக வேண்டும் என்று ஆணையிட்டார். யூ மரம் போதாமல், 1472-இல் இங்கிலாந்துக்கு வரும் கப்பல்கள் ஒரு டன் சரக்குக்கு நான்கு வில்மரங்கள் கொண்டுவர வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். பிரான்சின் ஏழாம் சார்லஸ் 1448-இல் ஊருக்கு ஒருவர் வீதம் வரிவிலக்குடன் வில்லாளர் படை ஒன்றைத் திரட்டிப் பார்த்தார். 1479-இல் கினகட் என்னும் ஊரருகே நடந்த போரில் கண்ட தோல்விக்குப் பின் அது கலைக்கப்பட்டது. வில்லை வாங்கிவிடலாம், வில்லாளர் தலைமுறையை வாங்க முடியாது.

குறுக்குவில்லில் இந்தச் சுமை மனிதரிடமிருந்து பட்டறைக்கு மாறுகிறது. உடல்வலுவின் வேலையைக் கப்பியும் பல்சக்கரமும் ஏற்றுக்கொள்வதால், சில வாரங்களில் ஒருவரைப் பயனுள்ளவராக்கிவிடலாம். ஆனால் கொல்லர், தச்சர், உதிரிப்பாகம், பழுதுபார்ப்பு என்று செலவு நீளும். பயிற்சியே வேண்டாத ஆயுதம் என்பதும் சரியன்று: இன்றைய பெல்ஜியத்தை ஒட்டிய பிளாண்டர்ஸ் பகுதியின் நகரங்களில் குறுக்குவில் சங்கங்கள் போட்டிகள் நடத்தித் தம் திறனைக் காத்துவந்தன.

கோட்டைமதிலில் நிற்கும்போது ஒப்பீடு தலைகீழாகிறது. நாணை மாட்டிவிட்டுக் குறுகிய துளையின் பின்னால் காத்திருந்து, இலக்குத் தெரிந்த நொடியில் விசையை அழுத்தக் குறுக்குவில்லாளரால் முடியும். இழுத்த நெடுவில்லைச் சில நொடிகளுக்கு மேல் பிடித்திருக்க முடியாது. சிங்கநெஞ்சர் எனப்பட்ட இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு 1199-இல் பிரான்சின் ஷாலூஸ் கோட்டை முற்றுகையில் மதிலிலிருந்து வந்த குறுக்குவில் கணை பட்டே இறந்தார். அதே ரிச்சர்டு 1192-இல், சிலுவைப் போரின்போது, பாலஸ்தீனத் துறைமுகமான யாப்பாவில் ஈட்டி வீரர்களின் பின்னால் குறுக்குவில்லாளரை இருவர் இருவராக நிறுத்தி, ஒருவர் நாண் மாட்ட மற்றவர் எய்யுமாறு வகுத்து, வேகக்குறைவை ஈடுசெய்திருந்தார். கிரெசியில் இல்லாமற்போனது இத்தகைய ஏற்பாடுதான்.

1139-இல் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் பேரவையான இரண்டாம் லாத்தரன் திருச்சங்கம் கிறித்தவர்மீது குறுக்குவில்லைத் தடைசெய்ததை அதன் கொடூரத்துக்குச் சான்றாகக் காட்டுவார்கள். அந்த விதி வில்லாளரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது என்பதால் அது இந்த ஒப்பீட்டுக்கு உதவாது.

தற்காப்பாக நிற்க நேரமும் இடமும் உள்ள, பழகிய வில்லாளர் கூட்டம் கையிலிருந்தால் திறந்த களத்துக்கு நெடுவில்லையே தேர்வேன். அந்த நேரம் கிடைக்காவிட்டால் என்னாகும் என்பதை பிரான்சில் பட்டே என்னும் ஊரருகே 1429-இல் நடந்த போர் காட்டியது: குதிரைகளைத் தடுக்கும் கூர்முளைகளை நட்டு முடிக்கும் முன்பே பிரெஞ்சுக் குதிரைப்படை பாய்ந்து ஆங்கில வில்லாளரைச் சிதைத்தது. மதிலுக்கும், அவசரமாகத் திரட்டிய நகரக் காவலுக்கும் குறுக்குவில்லே பொருந்தும். துப்பாக்கி வந்தபோதும் இரண்டும் வெவ்வேறு வழியில் விடைபெற்றன. கட்டை, விசை, குறுகிய பயிற்சி என்ற அமைப்பு ஏற்கெனவே பழகியிருந்ததால், குறுக்குவில்லாளர் துப்பாக்கிக்கு மாறுவது எளிதாயிற்று; 1519-இல் மெக்சிகோ சென்ற ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸின் படையில் குறுக்குவில்லாளரும் துப்பாக்கி வீரரும் அருகருகே இருந்தனர். ஆங்கில அரசவையோ 1595-இல், பயிற்சிபெற்ற படைப்பிரிவுகளில் வில்லாளரை இனிச் சேர்க்க வேண்டாம் என்று ஆணையிட்டு, வில்லுக்குப் பதில் துப்பாக்கியைக் கொடுக்கச் சொன்னது.