உள்பக்க பேடைப் பார்த்தீர்களா?

திருமங்கலத்து நண்பன் ஒருவன் என் காரின் அதே மாடலைப் பழசாக வாங்கப் பார்க்கிறான். "மாப்ளே, பிரேக் எப்படி நிக்குது?" என்று போன வாரம் போன் செய்தான். முன்சக்கரங்களோடு சேர்ந்து சுற்றும் பிரேக் தட்டு, அதாவது டிஸ்க், இரண்டையும் மாற்றிவிட்டு நான் வீட்டுக்கு வந்த நாள் அது.

பிரேக் அருமையாக நிற்கும். ஏழு வருஷம், 88,000 கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது. கோரிப்பாளையத்தில் மழை நேரத்தில் ஆட்டோ குறுக்கே விழுந்தாலும் ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நிற்கும். கொடைக்கானலில் இருந்து இரண்டாவது கியரில் இறங்கினால், டம்டம் பாறை தாண்டியும் பெடல், மலை ஏறும்போது இருந்த உயரத்திலேயே இருக்கும். பின்சக்கர டிரம் பிரேக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஹேண்ட்பிரேக்கை இரண்டு தடவை டைட் வைத்ததோடு சரி.

என் கோபமெல்லாம் ஒரு சின்னத் தகரத் துண்டின் மேல்தான். காரோடு வந்த பிரேக் பேடில், அதாவது டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டையில், அது இருந்தது. பேடு தேய்ந்து மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும் அந்தத் தகரம் டிஸ்க்கில் உரசும். 46,000 கிலோமீட்டரில் சிம்மக்கல் சந்துக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனபோது, சுவரில் பட்டு 'கீச்' என்று திரும்பி வந்தது. பிரேக்கை மிதித்தால் நிற்கும், காலை எடுத்தால் மறுபடி கேட்கும். உடனே பேடு மாற்றினேன், டிஸ்க் தப்பித்தது.

அப்போது விலை குறைவு என்று வெளியே வாங்கிப் போட்ட செட்டில் அந்தத் தகரம் இல்லை. நானும் பார்த்து வாங்கவில்லை. அதனால் இந்தத் தடவை சத்தமே வரவில்லை.

சத்தம் இல்லாவிட்டாலும் இன்னொரு அடையாளம் இருந்தது. பேடு தேயத் தேய அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப பிரேக் ஆயில் டப்பாவில் இருந்து இறங்கும். அளவு குறைந்தால் ஒன்று கசிவு, இல்லை பேடு தேய்ந்திருக்கிறது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் இது இரண்டையும் பார்க்காமல், கீழ்க்கோட்டுக்கு வந்திருந்த ஆயிலை மேல்கோடு வரைக்கும் ஊற்றி அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மாசம் அழகர்கோவில் ரோட்டில் 'கரகர' என்று பெடல் வழியாகக் காலுக்கே தெரிந்தது. வேறொரு மெக்கானிக்கிடம் போய் சக்கரத்தைக் கழற்றினோம். வெளிப்பக்க பேடில் ஐந்து மில்லிமீட்டர் மிச்சம். உள்பக்கத்தில் வெறும் இரும்பு. பேடுகளைப் பிடித்திருக்கும் கவ்விக்குக் காலிப்பர் என்று பேர். அது நகர உதவும் கம்பி (பின்) துரு பிடித்து இறுகியிருந்ததால், உள்பக்க பேடு மட்டும் அதிகமாகத் தேய்ந்திருக்கிறது. டிஸ்க்கில் நகத்தை வைத்தால் கோடுகளில் மாட்டியது.

"அண்ணே, சக்கரத்தோட பார்த்தா வெளிப்பக்கம்தான் தெரியும்" என்றார் அவர். புது பேடுக்காக பிஸ்டனை உள்ளே தள்ளியதும் சர்வீஸில் ஊற்றிய ஆயில் டப்பா மூடியில் வழிந்தது. பெயின்ட்டை அரித்துவிடும் என்று உடனே தண்ணீர் விட்டுக் கழுவினார்.

காலிப்பர் பின்னுக்கு கிரீஸ் வைத்து, ஆயிலை முழுக்க மாற்றி, தகரம் வைத்த கம்பெனி பேடும் போட்டாயிற்று. இப்போது புதுசு போல நிற்கிறது. ஆனாலும் அந்த பில்லைப் பார்த்துக்கொண்டே பேசியதால், நண்பனிடம் அந்தக் கார் வேண்டாம் என்றுதான் சொன்னேன். வாங்கியே தீருவேன் என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் முன்சக்கரம் இரண்டையும் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.