அணைத்தாலும் அணையாத வைஃபை

என் போனின் பேட்டரி உப்பிப் புதியது மாற்றிய கையோடு, "உங்கள் போன் மாடலின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா?" என்று நண்பர் கேட்டார். 5000 எம்ஏஎச் பேட்டரி, ஆண்ட்ராய்டு என்பதெல்லாம் அவருக்கே தெரியும். திரையிலோ கேமராவிலோ எனக்குக் குறையில்லை. வீட்டில் இருக்கும்வரை மறுநாள் காலை வரை சார்ஜரைத் தேடியதும் இல்லை. என் மனத்தாங்கல் முழுவதும் வெளியூர்ப் பயணத்தில்தான்.

மதியம் எழும்பூரில் முழு சார்ஜுடன் வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால், இரவு மதுரையில் இறங்கும்போது பேட்டரி சிவப்பில் நிற்கிறது. இதில் பாதிப் பழி போனைச் சேராது. விருத்தாசலத்தைத் தாண்டிச் சிக்னல் மெலியும் இடங்களில் எந்தப் போனும் கூடுதல் ஆற்றலைச் செலவழித்தே டவரோடு பேசும்; பேட்டரிப் பயன்பாட்டுப் பட்டியலில் திரையையும் முந்திக்கொண்டு மொபைல் நெட்வொர்க் முதலிடத்தில் இருப்பது அதனால்தான். 5ஜியை நிறுத்தி 4ஜியோடு பயணம் செய்தால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மிச்சமாகிறது.

மீதிப் பழிதான் என்னைக் கோபப்படுத்துகிறது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அணைத்த வைஃபை, அலுவலக வாசலில் தானே உயிர்பெற்று, ரயில் நிலையம் வரை விழித்தபடியே வருகிறது. சேமித்த நெட்வொர்க் அருகில் வந்தால் தானாக இயங்கும்படி ஒரு வசதி முன்கூட்டியே போடப்பட்டிருப்பதே காரணம். நடைமேடையில், எப்போதோ ஓடிபி கொடுத்து நுழைந்த ரயில்வயர் என்ற ரயில் நிலைய வைஃபையின் உள்நுழைவு அறிவிப்பு வந்து நிற்கும். அன்றாடம் அரை மணி நேரம் இலவசமாகக் கிடைக்கும் அந்தச் சேவை நல்லதுதான். ஆனால் கடவுச்சொல் இல்லாத திறந்த நெட்வொர்க்கைப் போன் அடையாளம் காண்பது பெயரை வைத்துத்தான். அதே பெயரில் வேறொருவர் ஹாட்ஸ்பாட் திறந்து வைத்தாலும் அதிலும் போய் ஒட்டிக்கொள்ளும். வங்கிச் செயலியின் தரவு மறையாக்கத்துடன் செல்வதால் அதை எளிதில் படித்துவிட முடியாது. போலி உள்நுழைவுப் பக்கத்தில் நாமே தட்டச்சு செய்து கொடுப்பதற்கு அந்தக் காவல் இல்லை.

வைஃபையை அணைத்த பிறகும், இருப்பிடத்தைக் கண்டறிவதற்காக அருகிலுள்ள வைஃபைகளைத் தேடும் ஸ்கேனிங் தொடர்கிறது என்பது இன்னொரு எரிச்சல். அதற்கான பொத்தான் இருப்பிட அமைப்புகளுக்குள் ஆழமாகப் புதைந்திருக்கிறது. நான் நிறுத்தி வைத்ததை ஒரு மென்பொருள் புதுப்பிப்பு கேட்காமலே மீண்டும் இயக்கிவிட்டது. (வீட்டு ரவுட்டரின் பெயரை மறைத்து வைப்பதைப் பாதுகாப்பென்று நினைப்பவர்கள் கவனிக்க: மறைத்த பெயரைச் சேமித்த போன், சந்தையில் பிள்ளையைத் தொலைத்தவர் போல, போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைக் கூவிக்கொண்டே செல்லும்.)

நியாயமாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. ஆண்ட்ராய்டு 10 முதல் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் வெவ்வேறு மேக் முகவரியை (நெட்வொர்க்கில் போனை அடையாளம் காட்டும் எண்ணை) காட்டும் ஏற்பாடு இருப்பதால், ஒரே முகவரியை வைத்து இடத்துக்கு இடம் நம்மைப் பின்தொடர்வது கடினம். டவர் உண்மையானதுதானா என்று சரிபார்க்க வழியில்லாத 2ஜியை முழுவதுமாக நிறுத்தும் வசதியும் இந்தப் போனில் உண்டு. அதை நிறுத்திய பின் அழைப்புகளில் எந்தக் குறையும் நேரவில்லை.

இத்தனைக்கும் பிறகு நண்பருக்கு நான் அனுப்பிய பதில், "வேண்டாம்" என்பதே. அணை என்றால் அணையாத பொருளை, விலை பாதியானாலும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. "அப்படியானால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றார். அதற்கும் நான் சம்மதிக்கவில்லை.