ஒடுங்கிய குசினிக்கு எந்தக் குக்கர் ஹூட்?

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துத் தொடர்மாடிகளில் குசினி என்பது பல வீடுகளில் எட்டடிக்கு ஆறடிதான். அதற்குள் காஸ் குக்கர், சிங்க், ஃப்ரிட்ஜ், தலைக்கு மேல் பான்ரி அலுமாரி எல்லாம் அடங்க வேண்டும். அங்கே செத்தல் மிளகாய் வறுத்தாலோ கருவாடு பொரித்தாலோ, உள்ளறையில் படுத்திருக்கும் வயதானவர் இருமத் தொடங்குவார். எண்ணெய்ப் புகையின் நுண்துகளும் காஸ் எரியும்போது உண்டாகும் நைட்ரஜன் டையொக்சைட்டும் நுரையீரலுக்குக் கூடாதவை. அதனால் அடுப்புக்கு மேலே பூட்டிப் புகையை உறிஞ்சும் ஹூட் என்பது ஆடம்பரம் இல்லை, சின்னக் குசினிக்குத்தான் அது கட்டாயம் தேவை.

கடைக்குப் போனால் விலையையும் தோற்றத்தையும் முதலில் காட்டுவார்கள். அதற்கு முன் வீட்டில் ஒன்றைப் பாருங்கள். அடுப்பிலிருந்து வெளிச்சுவர் எவ்வளவு தூரம்? குழாய் வெளியே போக வழி இருக்கிறதா? தெரிவில் பாதி இந்தப் பதிலிலேயே முடிந்துவிடும்.

வழி இல்லாதவர்களுக்குக் கடைக்காரர் காட்டுவது கரி ஃபில்டர் போட்ட ஹூட். புகையை உறிஞ்சி, கரியின் ஊடாக விட்டு, அதே காற்றைத் திரும்பவும் குசினிக்குள்ளேயே ஊதும் வகை இது. குழாய் வேண்டாம், சுவரை உடைக்க வேண்டாம், வாடகை வீட்டுக்கும் சுகம் என்று சொல்வார்கள். முட்டை பொரிக்கிற, பாண் வாட்டுகிற வீட்டுக்கு அது சரி. எங்கள் சமையலுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கரி மணத்தைக் கொஞ்சம் குறைக்கும், எண்ணெயை முன்னால் உள்ள வலை பிடிக்கும். ஆனால் நீராவியும் சூடும் அப்படியே உள்ளே நிற்கும். கொழும்புக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். சோறு வடித்த ஆவியும் சேர்ந்து தங்கினால் அலுமாரிக் கதவின் உட்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். கரி ஃபில்டரை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும், அந்தச் செலவு விலைச்சீட்டில் இருக்காது.

அதைவிட, யன்னலிலோ சுவரிலோ பூட்டும் சாதாரண எக்ஸோஸ்ட் ஃபேன் எவ்வளவோ மேல். விலை ஹூட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான், ஆனாலும் அழுக்குக் காற்றை உண்மையிலேயே வெளியே தள்ளுகிறது. அதன் குறை, அடுப்புக்கு நேர்மேலே இல்லாததுதான். புகை அறை முழுக்கப் பரவிய பிறகே அது இழுக்கத் தொடங்கும். அதனால் சுவரிலும் சீலிங்கிலும் எண்ணெய் படிவதை அது தடுக்காது. எட்டு அங்குல ஃபேனை அடுப்புக்கு மிக அருகில், உயரத்தில், குசினி வாசலுக்கு எதிர்ப்பக்கமாகப் பூட்டினால் இந்தக் குறை பாதி தீரும். வாசலால் வரும் நல்ல காற்று அடுப்பைக் கடந்து புகையோடு வெளியே போகும். ஒரு எச்சரிக்கை: இந்த ஃபேனை நீளக் குழாயில் மாட்டக் கூடாது. இதன் இதழ்களுக்குக் குழாயின் தடையை எதிர்த்துத் தள்ளும் பலம் இல்லை. ஹூட்டுக்குள் இருக்கும் உருளை வடிவ ஊதிக்குத்தான் அந்தப் பலம் உண்டு.

குழாய்க்கு வழி இருக்கிறது என்றால் மூன்று வகை போட்டிக்கு வரும்.

முதலாவது, அலுமாரிக்குக் கீழே தட்டையாகப் பூட்டும் மெல்லிய ஹூட். சின்னக் குசினிக்கு என் முதல் தெரிவு இதுதான். அகலம் 60 சென்ரிமீற்றர், தடிப்பு குறைவு, மேலே உள்ள அலுமாரியில் குழாய் போகும் இடம் மட்டும் குறையும். ஆழம் ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் இருப்பதால் முன் அடுப்பையும் ஓரளவு மூடும். மேல் அலுமாரியின் ஆழம் 30, 35 சென்ரிமீற்றர்தான் என்பதால் ஹூட் முன்னால் துருத்தி நிற்கும். உயரமானவர்கள் குனிந்து தாச்சிக்குள் பார்க்கும்போது நெற்றி இடிக்கும். வாங்குமுன் அதே ஆழத்துக்கு ஒரு மட்டை வெட்டி, பூட்டப் போகும் உயரத்தில் பிடித்துப் பாருங்கள்.

இரண்டாவது, இழுத்துத் திறக்கும் டெலஸ்கோப்பிக் வகை. மூடினால் அலுமாரியோடு சமமாக நிற்கும், இழுத்தால் 45 சென்ரிமீற்றர் வரை வரும். பார்க்க மிக நேர்த்தி. ஆனால் இயந்திரம் முழுவதும் அலுமாரிக்குள் இருப்பதால் அந்தத் தட்டு போய்விடும். சாமான் வைக்க இடமில்லாத வீட்டில் இது பெரிய இழப்பு. அவசரத்தில் தாளிக்கும்போது இழுக்க மறந்தால் முன் அடுப்பின் புகை முகத்துக்கே வரும். நெற்றி இடிக்கிற வீட்டுக்கு மட்டும் இதை எடுக்கலாம்.

மூன்றாவது, சுவரில் தொங்கும் சிம்னி வகை. உறிஞ்சும் பரப்பும் பலமும் இதில்தான் கூட. அடுப்புக்கு மேல் அலுமாரியே இல்லாதவர்களுக்கு நல்லது. இருக்கிற அலுமாரியைக் கழற்றி எறிந்துவிட்டு இதைப் பூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எதை எடுத்தாலும் உயரம் முக்கியம். காஸ் அடுப்பென்றால் பர்னரிலிருந்து ஹூட்டின் அடிப்பக்கம் 65 முதல் 75 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். எவ்வளவு என்பதை அந்த மாடலின் கையேடு சொல்லும். பலர் மேசைப்பலகையிலிருந்து அளக்கிறார்கள். மேலே வைக்கும் காஸ் குக்கரே பத்து சென்ரிமீற்றருக்கு மேல் உயரம், அதைக் கழித்தால் இடைவெளி போதாமல் போகும். அப்படியானால் மேல் அலுமாரியைக் கட்டையாக்கித்தான் ஆக வேண்டும், தீயோடு விளையாட முடியாது.

பெட்டியில் மணிக்கு 1000, 1200 கன மீற்றர் காற்றை இழுக்கும் என்று அச்சடித்திருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். எட்டுக்கு ஆறடி, ஒன்பதடி உயரக் குசினியின் கொள்ளளவே ஏறத்தாழ 12 கன மீற்றர். ஆயிரம் என்றால் அறையின் காற்று மணிக்கு எண்பது தடவைக்கு மேல் மாற வேண்டும். யன்னலையும் கதவையும் சாத்திவிட்டு அத்தனை காற்றை எங்கிருந்து இழுப்பது? இழுக்கக் காற்று வராவிட்டால் மோட்டார் கத்தும், புகை நகராது. நல்ல குழாய் இருந்தால் 500, 600 போதும் என்பது என் கணிப்பு. சமைக்கும்போது கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

எல்லாவற்றையும் விட வேலை கெடுவது குழாயில்தான். ஹூட்டின் வாய் 150 மில்லிமீற்றர் என்றால் சுவர் ஓட்டையும் 150ஆகவே இருக்க வேண்டும். ஓட்டை வெட்டச் சோம்பல்பட்டு, 100 மில்லிமீற்றர் குழாயைச் செருகிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், காற்றுப் போகும் பரப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சத்தம் மட்டும் ஏறும். வளைவுகளும் அப்படித்தான், ஒன்றோடு நிறுத்தப் பாருங்கள். சுருங்கி விரியும் அலுமினியக் குழாயை நன்றாக இழுத்து, தேவைக்கு மேல் உள்ளதை வெட்டிவிட வேண்டும். பழைய சோனகத் தெருக் கடைகளில் ஏறி இறங்கினால் தகரத்தில் வளைவில்லாத குழாய் செய்ய ஆள் கிடைக்கும். மடிப்பில்லாததால் எண்ணெயும் குறைவாகவே தங்கும். கட்டடத்தின் பொதுக் காற்றுக்கூண்டுக்குள் குழாயை விடுவதானால் நிர்வாகத்திடம் கேளுங்கள். உங்கள் கருவாட்டுப் புகை மேல்மாடிக்காரரின் குளியலறைக்குப் போகக் கூடாது.

காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விடயம். தென்மேல் பருவக்காற்றில் வெளிக்காற்று குழாய்க்குள் திரும்பி அடிக்கும், ஆகவே வெளிவாயில் தானாக மூடும் மடல் வேண்டும். அப்புறம் உப்புக்காற்று. பெயின்ட் அடித்த தகர ஹூட்டில் ஆணி முனைகளிலிருந்து கறள் தொடங்கும். துருப்பிடிக்காத இரும்பிலும் தரம் உண்டு. 430 வகையில் காந்தம் ஒட்டும், 304 வகையில் பெரும்பாலும் ஒட்டாது. கடற்கரைக்கு 304தான் நல்லது.

ஃபில்டரில் அலுமினிய வலை மலிவு, ஆனால் தேங்காயெண்ணெய்ப் பிசுக்கு அதற்குள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பட்டைபட்டையாக இருக்கும் பஃபிள் ஃபில்டரைச் சுடுநீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவினால் முடிந்தது. தினம் பொரியல் நடக்கும் வீட்டில் அதற்குக் கூடக் கொடுக்கலாம். மின்சாரத்துக்குப் பயப்படத் தேவையில்லை. 150 வாட் மோட்டார் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு நாலரை யூனிட்.

வாடகை வீட்டின் சொந்தக்காரர் சுவரை உடைக்க விடாவிட்டால், யன்னலின் ஒரு கண்ணாடியைக் கழற்றி அதே அளவு பலகையில் எட்டு அங்குல எக்ஸோஸ்ட் ஃபேனைப் பூட்டுங்கள். கழற்றிய கண்ணாடியைப் பத்திரமாக வைத்தால், வீடு மாறும்போது ஃபேனையும் எடுத்துக்கொண்டு போகலாம்.