வெள்ளம் புகுந்த கடை: அதே இடமா, வேறு இடமா, மூடுவதா?

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கொட்டிய மழையில், இசிப்பிங்கோவில் இருந்த எங்கள் மசாலாக் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். 14ஆம் தேதி சித்திரைப் பிறப்பு, 15 புனித வெள்ளி. இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும் நாள் அது. கரும்புத் தோட்டக் காலத்தில் நம் ஆட்களுக்கு ஈஸ்டரில் விடுமுறை கிடைத்தது, திருவிழாவும் அப்போதே நிலைத்துவிட்டது. அதற்காக இறக்கி வைத்த மஞ்சள், கற்பூரம், மிளகாய் மூட்டை எல்லாம் சேறாகிப் போனது. தாத்தா தொடங்கிய கடை. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டில் மூன்று பேச்சு ஓடியது.

அதே இடத்தில் திறப்பது அப்பாவின் ஆசை. கட்டடம் சொந்தம், வாடகை இல்லை. டாக்ஸி நிலையத்தில் இறங்குகிறவர்கள் நேராகக் கடைக்கு வருவார்கள். ஆனால் இந்தப் பக்கம் 1987, 2019, 2022 என்று வெள்ளம் வந்திருக்கிறது. இடைவெளி எப்படிக் குறைகிறது என்று பாருங்கள். அடுத்து காப்பீடு. 20 லட்சம் ராண்ட் பெறும் சரக்கையும் மசாலா அரைக்கும் மில்லையும் 10 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், பாதி மதிப்புக்கே காப்பீடு என்று நட்டத்திலும் பாதியைத்தான் தருவார்கள்: 4 லட்சம் நட்டத்துக்கு 2 லட்சம்தான் வரும். விலைவாசி ஏற ஏற காப்பீட்டுத் தொகையை ஏற்றாமல் விட்ட எங்களுக்கு இப்படித்தான் பாதி போனது. 2021 ஜூலைக் கலவரத்தில் அடிபட்ட கடைகளுக்கு கலவரச் சேதத்துக்கான அரசின் காப்பீட்டு நிறுவனம் சாஸ்ரியா பணம் கொடுத்தது. வெள்ளத்துக்கு அந்தக் கதவு கிடையாது. கடைசியில், காப்பீட்டைப் புதுப்பிக்கக் கேட்டபோது, எங்கள் காப்பீட்டு நிறுவனம் வெள்ளத்தை மட்டும் விலக்கி எழுதித் தந்தது. என்னைப் பொறுத்தவரை இந்த வழி அன்றோடு முடிந்தது.

டர்பனின் இன்னொரு பகுதியான சாட்ஸ்வர்த்தில் மேடான இடத்தில் கடை எடுப்பதை அண்ணன் சொன்னார். கல்லாவில் நிற்க இளையவர் ஒருவர் இருக்கும் வீட்டுக்கு நல்ல யோசனைதான். எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை. தவிர, மாதாமாதம் வாடகை. மிளகாய் அரைக்கும் நெடியைப் பக்கத்துக் கடைக்காரர் பொறுக்க வேண்டும்.

கடன்காரர்களைச் சிறிது காலம் நிறுத்தி வைத்துத் தொழிலை மீட்கும் ஏற்பாடு 2008 கம்பெனிச் சட்டத்தில் உண்டு. அதை நடத்துபவருக்கான செலவை எங்களைப் போன்ற சின்னக் கடை தாங்காது.

சரி, மூடுவது. இதில் இரண்டு வகை உண்டு என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கையில் பணம் இருக்கும்போது மூடுவது ஒன்று, எல்லாம் கரைந்த பிறகு மூடுவது இன்னொன்று.

எங்கள் மில்லில் 22 வருடம் நின்ற ஜூலு அக்காவை எடுத்துக்கொள்வோம். வாரக் கூலி 1,200 ராண்ட். ஆட்குறைப்பு என்றால் முதலில் அவர்களோடு பேச வேண்டும் என்கிறது தொழிலாளர் சட்டம். அப்புறம், வேலை பார்த்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம்: 26,400 ராண்ட். அதோடு 4 வார முன்னறிவிப்புச் சம்பளமும் எடுக்காத விடுப்புக்கான பணமும். கடனில் மூழ்கி, திவாலாகி மூடினால்? அடமானம் வைத்திருக்கும் வங்கிக்குத்தான் முதல் பங்கு. மிச்சத்தில், பணிநீக்க இழப்பீட்டுக்கு முன்னுரிமை கிடைப்பது 12,000 ராண்ட் வரைக்குமே. கையில் மிச்சமே இல்லையென்றால் அதுவும் கிடைக்காது. வேலையிழப்பு நிதி இரண்டு வகையிலும் கிடைக்கும்; ஆனால் 22 வருட உழைப்புக்கு அது ஈடாகுமா?

மூடினால் தாத்தா பெயர் போய்விடும் என்று அப்பா கலங்கினார். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆட்களுக்கு முதலில் கொடுத்துவிடு, கட்டடத்தை அப்புறம் பார்க்கலாம்" என்றார். ஆறு பேருக்கும் முழுதாகக் கொடுத்தோம். மசாலாச் சரக்குக்காரருக்கும் பாக்கி இல்லை. மில்லுக்குப் புது மோட்டார் போட்டு அக்காவிடமே கொடுத்தோம்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஏப்ரலிலேயே தெரிந்த விடையை அக்டோபர் வரை தள்ளிப்போட்டோம். அந்த ஆறு மாதத்தில் சுவருக்கும் தரைக்கும் கொட்டிய பணத்தை அந்த ஆறு பேருக்கும் கூடுதலாகப் பிரித்துக் கொடுத்திருக்கலாம்.